தலை எண்ணிப் பாடசாலையை அளக்காதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை வட இலங்கையின் வன்னியில் உள்ள எங்கள் ஊர்ப் பாடசாலையில் நடந்ததைப் பலரும் எழுதிவிட்டீர்கள். நான் அங்கே நின்றவன். வகுப்பறைக்குள் ஓர் அடிகூட வைக்காமல், வாசலில் நின்றபடி விரலை நீட்டி, பாடசாலையைப் பார்வையிட வந்த அதிகாரி பிள்ளைகளை எண்ணினார். 17 என்றார். தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போயிருந்த தரம் 3 பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை. போத்தலோடு திரும்பி வந்தவள், வழி கிடைக்கும்வரை அவருக்குப் பின்னால் பேசாமல் நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "இதை மூடிப் பக்கத்துப் பாடசாலையோடு சேர்த்தால் அரசாங்கத்துக்குச் செலவு மிச்சம், உங்களுக்கும் நல்லது" என்று பெற்றோருக்குச் சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறிவிட்டார்.

எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

பக்கத்துப் பாடசாலை 7 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. பாதி வழி காட்டோரம், யானை நிற்கும் இடம். மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் பாதையே இல்லை. மோட்டார் சைக்கிள் உள்ள வீட்டுப் பிள்ளை எப்படியும் போய்விடும். கூலி வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை நின்றுவிடும். முதலில் மழைக்கு நிற்கும், பிறகு ஒரேயடியாக நிற்கும். அதுவும் பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் சொல்கிறேன், தலை எண்ணிப் பாடசாலையை அளக்காதீர்கள்.

பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள் என்று யாராவது கேட்டீர்களா? கணிதத்துக்கு ஆசிரியர் வரவில்லை. வந்தவரும் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். அதைப் பார்த்து வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை நகரத்துக்குக் கொண்டு போனார்கள். அதனால் எண்ணிக்கை குறைந்தது. எண்ணிக்கை குறைந்ததால் ஆசிரியரைத் தர முடியாது என்றார்கள். இப்போது மூடப் போகிறார்களாம். தண்ணீர் விடாமல் பயிரைக் காயவிட்டு, விளைச்சல் இல்லை என்று வயலைப் பறிப்பதுபோல இருக்கிறது.

"காசு எங்கே?" என்று கேட்பீர்கள். 1945 இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது இந்த நாடு பணத்தில் புரண்டுகொண்டா இருந்தது? கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் வேண்டும் என்று 2012 இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எத்தனை அரசாங்கம் மாறியும் செலவு 2 வீதத்தைச் சுற்றியே நிற்கிறது. யுத்தம் நடந்த காலத்திலும் வன்னியில் அரச பாடசாலைகள் இயங்கின, ஆசிரியர்களுக்குச் சம்பளம் வந்தது, க.பொ.த (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) பரீட்சைகள் நடந்தன. ஷெல் விழுந்த காலத்தில் தாங்கிய செலவை இப்போது தாங்க முடியவில்லையா?

1996 இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் போனோம். முதிரை மரத்தில் கரும்பலகையைக் கட்டித் தொண்டர் ஆசிரியை ஒருவர் படிப்பித்தார். எனக்கும் அக்காவுக்கும் சேர்த்து ஒரே கொப்பிதான். முதலில் பென்சிலால் எழுதுவோம். பக்கங்கள் முடிந்ததும் அந்த எழுத்துக்கு மேலேயே பேனையால் எழுதுவோம். ஆசிரியை கொப்பியை வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்து, பேனை எழுத்தை மட்டும் பிரித்து வாசித்துத் திருத்துவார். இரவில் ஜாம் போத்தல் விளக்கு, அதற்கும் அளந்துதான் மண்ணெண்ணெய். பிறகு 2009 இல், யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே பிள்ளைகள் படித்ததையும் கண்டேன். அங்கெல்லாம் யாரும் எங்களைச் செலவென்று எண்ணவில்லை. சொந்த ஊருக்குத் திரும்பிவந்து, கூரையும் சுவரும் உள்ள பாடசாலையில் பிள்ளைகளை இருத்திய பிறகுதான் செலவு என்கிறார்கள்.

சிறிய பாடசாலையில் தரம் இல்லை, மூன்று வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்கிறீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. அதற்கு மருந்து ஆசிரியரைத் தருவது. ஒன்லைனில் படிக்கலாமே என்று வெளிநாட்டிலிருந்து எழுதிய தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். 2020 இல் கொரோனாவுக்குப் பாடசாலைகள் மூடியபோது எங்கள் பிள்ளைகள் சிக்னல் தேடிக் குளக்கட்டில் ஏறி நின்றார்கள். நீங்கள் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும், கோபித்தாலும் பரவாயில்லை. நகரத்துப் பெரிய கல்லூரிகளுக்கு நுழைவாயில் வளைவு கட்ட உலகம் முழுவதும் காசு சேர்க்கிறோம். எங்கள் ஊர்ப் பாடசாலைக்கு ஆசிரியர் விடுதி ஒன்று கேட்டு நான்கு வருடமாக எழுதுகிறேன். விருப்பக்குறி போடுகிறீர்கள், அவ்வளவுதான். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியாவுக்கு 2021 இல் தனிப் பல்கலைக்கழகம் வந்தது என்று பெருமைப்படுகிறோம். நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் தரம் 3 இலேயே வழி அடைபடும் பிள்ளை அங்கே எப்படிப் போய்ச் சேரும்?

அந்த அதிகாரி மார்கழியில் ஒரு நாள் வரட்டும். வாகனத்தைப் பிரதான வீதியில் விட்டுவிட்டு, தான் எண்ணாமல் விட்ட அந்தப் பிள்ளையோடு 7 கிலோமீற்றர் நடக்கட்டும். காலை 7.30 மணிக்கு வகுப்பில் இருக்க வேண்டுமென்றால் அவள் 5.30 மணிக்கே வெளிக்கிட வேண்டும். மார்கழியில் அந்த நேரம் இன்னும் விடிந்திருக்காது.