வன்னிப் பிள்ளைகளுக்கு இன்ரநெற் எதற்கு என்று கேட்டவருக்கு

சனசமூக நிலையக் கூட்டத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். நிலையத்தில் கணினிக்கும் இன்ரநெற் இணைப்புக்கும் என்று வந்த காசை வேறு வேலைக்குத் திருப்பச் சொல்லி, "எங்கட பிள்ளையளுக்கு இன்ரநெற் எதுக்கு?" என்று கேட்டாரே ஒருவர், அவருக்குத்தான் இந்தப் பதிவு.

பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள். எங்கள் வன்னியின் முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பின்தங்கியவர்கள் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டு தருகிற இடம் அது. அதற்கும் இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இணைப்பு இல்லாத ஊருக்கு ஒதுக்கீடு இருந்தென்ன?

என் அக்காவின் மகள் அந்த விண்ணப்பத்தை ஒரு கொமினிகேஷன் கடையில் நின்றுதான் நிரப்பினாள். பின்னால் போட்டோக்கொப்பி எடுக்க ஆட்கள். "கெதியாச் சொல்லுங்கோ அக்கா" என்றபடி கடைப் பெடியன் தட்டிக்கொண்டு போனான். எந்தப் பாடநெறியை முன்னால் போடுகிறோம், எதைப் பின்னால் போடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வீட்டில் ஆறுதலாக இருந்து யோசிக்க வேண்டியதை அவள் கியூவில் முடித்தாள். மனமில்லாத பாடநெறி ஒன்றைத்தான் இப்போது படிக்கிறாள். அந்தப் பெடியனில் பிழை சொல்லமாட்டேன்.

பிள்ளைகள் கெட்டுப்போவார்களாம். ரீலோட் போட்டு ரிக்ரொக் பார்க்கிற அளவுக்கு டேட்டா இப்போதே கிடைக்கிறது. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையத்தளத்தில் தமிழில் இலவசமாக இருக்கிற பாடங்களை முழுதாகப் பார்க்கத்தான் வசதியில்லை.

முதலில் குளத்தைத் திருத்துவோம் என்கிறார்கள். சரி, திருத்துவோம். யார் வேண்டாம் என்றது? ஆனால் கச்சானை விற்கப் போனால் விலையை வாங்க வருகிறவர்தானே சொல்கிறார்? கொழும்பில் என்ன விலை போகிறது என்று பார்க்க எங்கள் சனத்துக்கு வழி வேண்டாமா? 2022இல் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் வந்தபோது இதே ஊரில் எத்தனை பேர் போனை நீட்டியபடி அடுத்தவரிடம் கெஞ்சினார்கள்! அப்போது யாரும் இன்ரநெற் எதற்கு என்று கேட்கவில்லையே.

அவரவர் வாங்கிக்கொள்ளட்டும் என்றும் ஒரு குரல். 2025 யூலையில் செய்மதி வழி இன்ரநெற் தருகிற ஸ்ரார்லிங்க்கும் இலங்கைக்கு வந்துவிட்டது, உண்மைதான். கூலிக்குப் போய் அடுப்பெரிக்கிற குடும்பம் அதை வாங்குமா? பொதுவில் ஓர் இணைப்பு வேண்டும் என்பது அவர்களுக்காகத்தான். தன் வீட்டில் வைஃபை பூட்டி, பிள்ளையைச் சூமில் ரியூசன் படிக்க வைக்கிற ஒருவர் வந்து, மற்றவர்களின் பிள்ளைகளுக்குத் தேவையில்லை என்கிறார். 2009க்குப் பிறகு தறப்பாள் கொட்டிலில் இருந்து படித்து வந்த எங்களுக்கு எது தேவை, எது ஆடம்பரம் என்று வகுப்பெடுக்கிறார். இதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

கண்காணிக்க ஆள் இல்லை என்பதுதான் தடை என்றால் பின்னேரங்களில் நான் வந்து இருக்கிறேன். சம்பளம் வேண்டாம். நிர்வாகம் திறப்பைத் தரட்டும்.