மாமாவின் வாட்சில் பதினொன்றரை

போன ஜனவரியில் மாமனார் குடும்பத்தோடு மாலத்தீவு போய் நான்கு இரவு தங்கினோம். நீலத் தண்ணீர், மரப்பாலம், காலடியில் நீந்தும் மீன் எல்லாம் நீங்களே நூறு படத்தில் பார்த்திருப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன். கிளம்புகிற நாளை மட்டும் யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. அறையைக் காலி செய்தது பகல் 12 மணி, விமானம் ராத்திரி 11 மணி. நடுவில் நானும் மாமாவும் ஆறு பெட்டியும்.

மாமா தூத்துக்குடி. பழைய துறைமுகத்தில் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றிவிடும் வேலையில் முப்பது வருடம் இருந்தவர். மாப்பிள்ளை என்ற மரியாதைக்காக அவர் என்னைத் திட்டமாட்டார், மாமா என்ற மரியாதைக்காக நான் அவரை எதிர்த்துப் பேசமாட்டேன். ஆகவே அன்று முழுக்க இருவரும் கடிகாரத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

(ரிசார்ட் வரவேற்பு மண்டபம். அத்தையும் என் மனைவியும் பையனை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். மாமா தென்னைமரப் படம் போட்ட அரைக்கால் டிரவுசரில் இருக்கிறார்.)

மாமா: எதற்கு மாப்பிள்ளை இப்படி விரட்டுகிறார்கள்? 12 மணிக்குத்தானே அறையைக் கொடுக்க வேண்டும்? என் வாட்சில் இப்போதுதான் பதினொன்றரை.

நான்: உங்கள் வாட்ச் இந்திய நேரம் மாமா.

மாமா: மாலத்தீவு நமக்கு அரை மணி பின்னால் என்று வரும்போது நீங்கள்தானே சொன்னீர்கள்? அப்படியென்றால் இங்கே 11தானே ஆக வேண்டும், 12 எப்படி ஆகும்?

நான்: தலைநகர் மாலேயில் 11தான் மாமா. இந்த ரிசார்ட்டில் மட்டும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். நிறைய ரிசார்ட்டில் அப்படித்தானாம். சாயங்காலம் கூடுதலாக ஒரு மணி நேரம் வெயில் கிடைக்கும் என்று.

மாமா: வெயிலா? உப்பளத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவனுக்கு டாலர் வாங்கிக்கொண்டு கூடுதல் வெயில் தருகிறார்களா? நல்லது. சரி, விமானம் ராத்திரி 11 மணி என்கிறீர்களே, அது எந்த ஊர் 11?

நான்: மாலே 11.

மாமா: அப்போது இங்கே 12லிருந்து அங்கே 11 வரைக்கும் பதினோரு மணி நேரம் இல்லை மாப்பிள்ளை. பன்னிரண்டு.

(இந்தக் கணக்கை நான் அதுவரை போட்டிருக்கவே இல்லை. போட்டது மாதிரி தலையாட்டினேன்.)

மாமா: பகல் விமானமே கிடையாதா?

நான்: இருந்தது மாமா. கொழும்பு வழியாக ராத்திரி போனால் ஆளுக்கு 4,000 ரூபாய் குறைந்தது.

மாமா: ஐந்து பேருக்கு 20,000. பன்னிரண்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 1,666 ரூபாய் சொச்சம். அடேயப்பா, இந்த வயதில் சும்மா உட்கார எனக்கு இப்படி ஒரு சம்பளமா! தப்பாகச் சொல்லவில்லை மாப்பிள்ளை, நல்ல வருமானம்.

நான்: சாயங்காலம் வரை அறையை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன் மாமா, அரை நாள் வாடகை சொன்னார்கள்.

மாமா: வேண்டாம், வேண்டாம். அது நம் சம்பளத்தில் பிடித்துவிடும். ஆறு, ஏழு மணிக்கு மேல் விமான நிலையம் போனால் போதாதா? அதுவரை இங்கேயே இப்படி ஓரமாக உட்கார்ந்திருக்கலாமே.

நான்: சீப்ளேன் பகலில் மட்டும்தான் மாமா. பைலட் தண்ணீரைக் கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். இருட்டிவிட்டால் அலை எது, பாறை எது என்று தெரியாது. நமக்கு நாலரைக்கு எழுதியிருக்கிறார்கள், நேற்று ராத்திரிதான் கதவடியில் சீட்டு போட்டார்கள்.

மாமா: எங்கள் தோணி ராத்திரியெல்லாம் ஓடும்.

நான்: தோணி இறங்க வேண்டியதில்லையே மாமா, ஏற்கெனவே தண்ணீரில்தானே இருக்கிறது.

மாமா: அதுவும் சரிதான். என் வேட்டி எந்தப் பெட்டியில்?

நான்: பெட்டியெல்லாம் காலையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே.

மாமா: அப்போது சென்னை போகும்வரை இந்தத் தென்னைமரம்தானா?

(இதை மட்டும் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு முழுக்கால் உடுப்பும் காய்ந்த துண்டும் கைப்பையில் இருக்க வேண்டும். காலி செய்த பிறகும் குளத்தில் இறங்க விடுவார்கள், குளிக்க ஒரு பொது அறையும் கொடுப்பார்கள், குளித்துவிட்டு எதைப் போட்டுக்கொள்வது என்பது நம் பாடு.)

(பில் வருகிறது. மாமா மூக்குக்கண்ணாடியை எடுக்கிறார்.)

மாமா: இந்த 240 டாலர் எதற்கு?

நான்: பசுமை வரி. ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர், ஐந்து பேர், நாலு ராத்திரி. அரசாங்கத்துக்குப் போவது மாமா. 2024 வரை 6 டாலராக இருந்ததாம்.

மாமா: பேரனுக்குமா? மூன்று வயதுப் பிள்ளை எந்தப் பசுமையைக் கெடுத்தது?

நான்: இரண்டு வயதுக்குள் இருந்தால்தான் கிடையாது.

மாமா: இரண்டு வருடம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும். இது என்ன, சாலட் 22 டாலர்? வெங்காயமும் வெள்ளரியும் நறுக்கி வைத்தானே, அதுவா?

நான்: அதுதான். 22 என்பது மெனுவில். அதன்மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம், அந்த மொத்தத்துக்கு வரி 17 சதவீதம். மெனுவில் 100 என்று இருந்தால் கையிலிருந்து 128 டாலர் 70 சென்ட் போகும்.

மாமா: மாப்பிள்ளை, இந்த ஊருக்கு வருடக்கணக்காகத் தோணியில் வெங்காயம் ஏற்றிவிட்டவன் நான். ஒரு மூட்டைக்கு எனக்கு என்ன கூலி கொடுத்தார்கள் தெரியுமா? சரி விடுங்கள், சொன்னால் நீங்கள் அழுதுவிடுவீர்கள். வெள்ளரிக்காய் பற்றி நான் பேசவில்லை. ஆனால் அந்த வெங்காயம் எனக்குச் சொந்தக்காரன்.

(பேசிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்க்கிறார்.)

மாமா: கேட்க வேண்டும் என்றிருந்தேன், வந்த அன்று கஸ்டம்ஸில் உங்களை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினார்களே, என்ன விஷயம்?

நான்: ஒன்றுமில்லை மாமா, சும்மா ஒரு படிவம்.

(படகுத்துறை. ஆளாளுக்குப் பெட்டியை எடை போடுகிறார்கள். 20 கிலோ பெட்டி, 5 கிலோ கைப்பை, அதற்கு மேல் கிலோவுக்குக் காசு. மாமா பைலட்டின் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.)

மாமா: காலில் செருப்பு இல்லையே.

நான்: இங்கே அவர்கள் வெறுங்காலோடுதான் ஓட்டுவார்கள் மாமா, பழக்கம்.

மாமா: உடுப்பெல்லாம் ஜோராக இஸ்திரி போட்டு, கால் மட்டும் நம் கால். எனக்கு இப்போதுதான் நம்பிக்கை வருகிறது. தோணி ஓட்டுகிற தண்டல் யாரும் செருப்புப் போட்டு நான் பார்த்ததில்லை.

(முக்கால் மணி நேரப் பறப்பு. சத்தத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருமண வாழ்வில் மாமாவும் நானும் மிக ஒற்றுமையாக இருந்த நேரம் அது. விமான நிலையத்தில் இறங்கியபோது சுவர்க் கடிகாரம் நாலேகால்.)

மாமா: நாம் கிளம்பியது நாலரை. வந்து சேர்ந்தது நாலேகால். கிளம்புவதற்கு முன்னாலேயே வந்துவிட்டோம்.

நான்: அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் மாமா.

மாமா: காலையில் பிடுங்கினார்கள், அப்போது எனக்கு வேண்டியிருந்தது. இப்போது கொடுக்கிறார்கள், வைத்துக்கொண்டு என்ன செய்ய?

(பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கினோம். பையன் அத்தை மடியில் தூங்கிவிட்டான். உள்ளே ஏ.சி. குளிரில் மாமாவின் தென்னைமரம் நடுங்குகிறது. நடுக்கூடத்திலேயே மூன்றாவது பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து வேட்டியை உருவி, டிரவுசருக்கு மேலேயே கட்டிக்கொண்டார். நாலு நாளில் முதல்முறையாக நிமிர்ந்து நின்றார். வெளியே வந்தால் எதிரிலேயே கடல், படகுத்துறை.)

மாமா: இதுவும் தீவா?

நான்: ஹுல்ஹுலே என்று பேர் மாமா. ஓடுபாதைக்காகவே இருக்கிற தீவு மாதிரிதான்.

மாமா: நாலு பக்கமும் கடல். அதே நீலம். அதோ மீன்கூடத் தெரிகிறது. இதற்கு ஒரு ராத்திரிக்கு எவ்வளவு வாங்குகிறார்கள்?

நான்: இது இலவசம் மாமா, விமான நிலையம்.

மாமா: இது தெரியாமல் நாலு நாள்... சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை.

நான்: அங்கே அமைதியாக இருந்ததே மாமா.

மாமா: அதுதான் கஷ்டம். நாலு நாளும் மனித முகம் பார்க்க முடியவில்லை. வாசலில் உட்கார்ந்தால் கடல், கட்டிலில் படுத்தால் கடல், கழிப்பறையில்கூடக் கண்ணாடி போட்டுக் கீழே கடல். கடலை நான் பார்க்காததா? இங்கே பாருங்கள், எத்தனை படகு, எத்தனை ஆள், ஒருத்தன் பெட்டியைத் தண்ணீரில் போட்டுவிடப் பார்த்தான், இன்னொருத்தன் அவனைத் திட்டுகிறான். எதிரே தெரிகிறதே, அதுதான் மாலேயா?

நான்: ஆமாம். ஃபெரியில் பத்தே நிமிடம்.

மாமா: முப்பது வருடம் சரக்கில் பேர் எழுதிய ஊர். ஒரு தடவை மிதித்துவிட்டு வரலாம், வாருங்கள். மணிக்கு 1,666 ரூபாய் சம்பளத்துக்கு அதையாவது செய்வோம்.

(அத்தையிடம் அனுமதி வாங்க ஐந்து நிமிடம், ஃபெரி பத்து நிமிடம். அவர்கள் மொழியிலும் படகுக்கு தோணி என்றுதான் கிட்டத்தட்டப் பேர் என்று சொன்னதும் மாமா படகோட்டியைப் பார்த்து "தோணி, தோணி" என்று சிரித்தார், அவனும் "தோனி, தோனி" என்று சிரித்தான். இருவருக்கும் வேறு வார்த்தை தேவைப்படவில்லை. வடக்குக் கரையில் காய்கறிச் சந்தை, பக்கத்திலேயே மீன் சந்தை.)

மாமா: மாப்பிள்ளை! மாசி!

நான்: மாமா, மாசிக் கருவாடு தூத்துக்குடியிலேயே கிடைக்குமே?

மாமா: கிடைக்கும், கிடைக்கும். இது பிறந்த வீடு. மஸ் என்றால் இவர்கள் மொழியில் மீன், தெரியுமா? சூரை மீனை அவித்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்தால் கட்டை மாதிரி ஆகிவிடும். தட்டிப் பாருங்கள். கதவு தட்டுகிற சத்தம் வர வேண்டும், அதுதான் நல்ல மாசி.

நான்: ஸ்கேனில் மரக்கட்டை என்று நினைப்பார்கள் மாமா.

மாமா: மோந்து பார்த்தால் தெரிந்துகொள்வார்கள். இரண்டு கிலோ கட்டச் சொல்லுங்கள்.

(திரும்பும்போது பேருந்து. மாலேயையும் விமான நிலையத் தீவையும் இணைக்கும் பாலம் 2018இல் திறந்தது, நடுவில் வரும்போது இரண்டு பக்கமும் விளக்குகள். மாமா வேடிக்கை பார்க்கவில்லை, மாசியை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். பேருந்தில் எங்களைச் சுற்றி மட்டும் நான்கு இருக்கை காலியாக இருந்தது.)

(விமான நிலையம், எட்டு மணி. கவுன்டர் அப்போதுதான் திறந்திருக்கிறது. நான் கைப்பேசியில் ஐந்து பேருக்கும் இமுகா என்கிற மாலத்தீவு அரசின் பயணிகள் படிவம் நிரப்புகிறேன். வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை, விமானத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள். நேற்றே, படுத்துக்கொண்டே செய்திருக்கலாம். மாமா பாஸ்போர்ட் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறார். ஒரு சீட்டு கீழே விழுகிறது.)

மாமா: இது என்ன, கஸ்டம்ஸ் ரசீது? உங்கள் பேர் போட்டிருக்கிறது. ஒரு பாட்டில் என்று எழுதியிருக்கிறது.

நான்: அது... இந்த நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாதாம் மாமா. ரிசார்ட்டில் விற்பார்கள், நாம் கொண்டுவந்தால் வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள். திரும்பிப் போகும்போது காட்டினால் கொடுத்துவிடுவார்கள்.

மாமா: கொழும்பில் சாக்லேட் வாங்கப் போகிறேன் என்றீர்களே, அதுவா?

நான்: அதுதான் மாமா.

(மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பெண்கள் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார்.)

மாமா: எத்தனை எம்.எல்.?

நான்: 750.

மாமா: கொழும்பில் மறுபடியும் சோதனை உண்டே, கைப்பையில் விடுவார்களா?

நான்: தண்ணீர்ச் சாமான் எதுவும் 100 எம்.எல்.லுக்கு மேல் விடமாட்டார்கள் மாமா.

மாமா: அப்போது பெட்டியைக் கவுன்டரில் போடுவதற்கு முன்னாலேயே வாங்க முடியுமா என்று கேட்டு வாருங்கள். மாசிப் பொட்டலத்துக்கு அடியில் வைத்துவிடலாம். என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த வாடை ஆகாது, பெட்டியின் பூட்டைக்கூடத் தொடமாட்டாள்.

நான்: அத்தை?

மாமா: அவள் தொடுவாள். மாசி என்றால் உயிரை விடுவாள்... சரி, சென்னையில் அந்தப் பெட்டி என்னோடு டாக்ஸியில் முன் சீட்டில் வரும், வீட்டுக்குப் போனதும் நானே திறந்து நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

நான்: மாமா, நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன்.

மாமா: கோபப்பட நேரம் எங்கே இருக்கிறது? அதோ அத்தை எழுந்துவிட்டாள், சாப்பாடு எப்போது என்று கேட்டுக்கொண்டு வருகிறாள். அவளிடம் என் வாட்சைக் காட்டி இந்திய நேரத்தை விளக்கிக்கொண்டிருக்கிறேன், எப்படியும் அரை மணி ஆகும். ஓடுங்கள்.