மைக்கைப் பிடுங்கியது எதற்காக?

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்த நிகழ்ச்சியில், கட்டுரை வாசித்த ஒரு பிள்ளையின் மைக்கைத் தலைமை தாங்கியவர் பிடுங்கிக்கொண்டது, மலேசியாவில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் எல்லோருக்கும் தெரியும். வீடியோவும் சுற்றிவிட்டது. பொறுத்துத்தான் பார்த்தேன். "விடுங்க டீச்சர், பெரிய மனுஷர், ஏதோ ஒரு வேகத்துல சொல்லிட்டாரு" என்று ஆளாளுக்குப் போன் பண்ணிச் சமாதானம் சொன்னார்களே தவிர, அந்தப் பிள்ளையிடம் ஒருவர்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவள் இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ நாவலைப் பற்றிக் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தாள். பாதியில் தலைமை தாங்கியவர் எழுந்துவந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "இப்ப வர்ற நாவல் எல்லாம் அதிகாரம், ஊழல், அசிங்கம்னு நம்ம இனத்தைத்தான் கேவலப்படுத்துது. பிள்ளைங்களுக்கு நாலு நல்லதைச் சொல்லுங்க" என்றார். கைதட்டினார்கள். தட்டியவர்களில் நான் மதிக்கிறவர்களும் இருந்தார்கள்.

சரி, அவள் அப்படி என்னதான் சொல்லிவிட்டாள்? 1968 டிசம்பர் 25 இரவு அன்றைய தஞ்சை மாவட்டம் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். கூலி கொஞ்சம் கூட்டிக் கேட்டதும், சங்கம் சேர்ந்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். மேல்முறையீட்டில் நிலக்கிழார்கள் விடுதலையானார்கள். அந்தச் சம்பவத்தை வைத்து 1975இல் வந்த நாவலுக்கு 1977இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. பண்ணையார் கண்ணையா நாயுடுவை ஆண்மைக் குறை உள்ளவராகக் காட்டியதால், கூலிக்காக நடந்த கொடுமை ஒரு தனி மனிதனின் கோளாறாகச் சுருங்கிவிட்டது என்று இடதுசாரி விமர்சகர்கள் அப்போதே சண்டை போட்டார்கள். அதையும் அவள் சொன்னாள். நாவலைத் தலையில் தூக்கிவைத்து ஆடவில்லை. நியாயமாகப் பேசினாள்.

அப்புறம் நம் ஊருக்கு வந்தாள். ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். சொந்தக் கிராமத்திலிருந்து ஆள் கூட்டிவந்த கங்காணிக்கு, அந்த ஆள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று காசு உண்டு. காய்ச்சலில் ஒருவன் படுத்தால் கங்காணிக்கு அன்றைய காசு போச்சு. அப்படியானால் அவனை எழுப்பி விரட்டுவது யார், தோட்டத்து வெள்ளைக்கார துரையா, நம்ம ஊர்க்காரனா? இந்தக் கேள்வியில்தான் மைக் போனது. தஞ்சாவூர்க் கதை வரைக்கும் யாருக்கும் வலிக்கவில்லை. நம் தோட்டத்து லயத்துக்குள் வந்ததும் இனமானம் வந்துவிட்டது.

ஒன்று சொல்கிறேன்: அதிகாரத்தைப் பற்றி எழுதுவது இனத்தைக் கேவலப்படுத்துவது ஆகாது.

என் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். பள்ளி விடுமுறையில் நானும் பால் ஸ்டோருக்குக் கூடப் போவேன். வாளியைத் தராசில் வைப்பார்கள். பிறகு கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குனிந்து பார்த்துப் பென்சிலால் ஒரு நம்பர் எழுதுவார். எடையோடு அந்த நம்பரும் சேர்ந்தால்தான் சம்பளம். அம்மாவுக்கு அந்தக் கோட்டைப் படிக்கத் தெரியாது. விரலில் காய்ந்த பாலை உரித்துக்கொண்டே பென்சிலை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பார். பக்கத்து மர வரிசையில் வெட்டுகிறவருக்கும் அதே மரம்தான், அதே மழைதான். தீபாவளிக்குக் கிராணிக்குக் கோழி கொண்டுபோய்க் கொடுத்த வீடு அது. அவர்களுக்கு எப்போதும் நம்பர் கொஞ்சம் கூடத்தான் விழும். நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை அடித்தார். "ஐயா எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றார். அடித்துவிட்டு அழுதார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கிராணிதான் எனக்குப் பழைய வாரப் பத்திரிகைகளைக் கட்டாகக் கட்டிக் கொடுப்பார். நான் படிக்கிற பிள்ளையாக ஆனதில் அவருக்குப் பங்கு உண்டு. அவரைத் திட்டவும் முடியாமல், மறக்கவும் முடியாமல் நான் தவித்திருக்கிறேன். மேடைப் பேச்சில் அவர் ஒன்று திருடன், இல்லாவிட்டால் வள்ளல். இரண்டும் ஒரே ஆளாக இருப்பதை நான் பார்த்தது நாவலில்தான்.

நைஜீரியாவின் சினுவா அச்செபே 1966 ஜனவரியில் ‘எ மேன் ஆஃப் தி பீப்பிள்’ என்று ஒரு நாவல் வெளியிட்டார். அதில் வரும் அமைச்சர் நாங்கா ஒரு காலத்தில் பள்ளிக்கூட வாத்தியார். கலகலவென்று பேசுவார், எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. ஊழல் செய்கிறார் என்று ஊருக்கே தெரியும். தெரிந்தும் கொண்டாடுகிறது. நாவல் ராணுவப் புரட்சியில் முடியும். அதே மாதம் நைஜீரியாவில் நிஜமாகவே புரட்சி வந்தது. அச்செபே எந்த இனத்தைக் கேவலப்படுத்தினார்? தன் மக்கள்மேல் அக்கறை இல்லாதவன் இதை ஏன் எழுதப் போகிறான்?

"அவர் நமக்கு எவ்வளவு செஞ்சிருக்காரு தெரியுமா?" என்று தலைமை தாங்கியவரைப் பற்றிக் கேட்பீர்கள். தெரியும். கோயிலுக்குக் கூரை போட்டார், தமிழ்ப்பள்ளிக்கு நாற்காலி வாங்கித் தந்தார். நன்றி. அந்த நாற்காலியில் உட்கார்ந்து படித்த பிள்ளை பேசக்கூடாது என்றும் சேர்த்தா வாங்கித் தந்தார்?

"சின்னப் பிள்ளைங்க இருந்தாங்க" என்கிறீர்கள். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சபை பார்த்துத்தான் பேச வேண்டும். ஆனால் அவள் வாயில் ஒரு தப்பான வார்த்தை வரவில்லையே.

"மத்த இனத்துக்காரன் பார்த்தா என்ன நினைப்பான்?" இதற்கு எனக்குப் பொறுமை இல்லை. 2020 கடைசியில் நம் மலேசிய எழுத்தாளர் ம. நவீனின் ‘பேய்ச்சி’ நாவலை உள்துறை அமைச்சு தடை செய்தபோதும் இதைத்தான் கேட்டீர்கள். தோட்டத்து மனிதர்கள் பேசுகிற மாதிரி அதில் பேசினார்கள் என்று நம் ஆட்களே குதித்தார்கள். நாவல் பிடிக்கவில்லையா, பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். எனக்கும் அதில் உடன்பாடு இல்லாத பக்கங்கள் உண்டு. ஆனால் படிக்கவே கூடாது என்று ஆக்கியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டீர்களே, அதை என்னால் மறக்க முடியவில்லை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு கேட்டார்கள். அதோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரையையோ கிராணியையோ பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கிற வழக்கம் ஒழிய வேண்டும் என்று. பட்டாளம் வந்தது, சுட்டது, உயிர் போனது. சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்று சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் கை நீட்டியதும் மண்டபமே எழுந்து நின்று கைதட்டுகிறது. அந்தப் பிள்ளை காகிதத்தை மடித்துக்கொண்டு எந்த நாற்காலிக்குப் போவது என்று தெரியாமல் நின்றாள். ஒருவரும் "வா, உட்காரு" என்று சொல்லவில்லை. இனமானம் பேசியவர்கள்தான் எல்லோரும்.

இப்போது நிகழ்ச்சிக் கணக்கைக் கேட்டாலும் இனத்தைக் கேவலப்படுத்துகிறேன் என்றுதான் சொல்வீர்கள். பரவாயில்லை, கேட்கிறேன். ஊரில் வீடு வீடாக வசூலித்த பணத்தில் மாலை, சால்வை, விருந்து எல்லாம் வந்தது. புத்தகக் கண்காட்சிக்கு என்று வாங்கிய காசில் ஒரு புத்தகம்கூட மேசைக்கு வரவில்லையே, ஏன்? ஏற்பாட்டுக் குழுவினர் இங்கேயே பதில் சொல்லலாம்.

நேற்று அவள் வீட்டுக்குப் போய்வந்தேன். "இனிமே கூட்டத்துக்கு அனுப்பல டீச்சர், வம்பு வேணாம்" என்கிறார் அவள் அம்மா. அவர் பயம் எனக்குப் புரிகிறது. அவர்கள் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்: வாசிக்க விடாத மீதிப் பக்கங்களை அவள் பெயர் போடாமல் நாளை இங்கே பதிவிடுகிறேன். தலைமை தாங்கியவரும் படிக்கட்டும். எந்த வரி தப்பு என்று அந்த வரிக்குக் கீழேயே எழுதட்டும்.