பழைய உயர்ரக போன் எப்போதும் மேலானதா?

‘மலிவான புதிய போனைவிடப் பழைய உயர்ரக போனே எப்போதும் சிறந்தது; ஃபேக்டரி ரீசெட் செய்தால் அது புதியதுபோல் ஆகிவிடும்’ என்று ஒரு தகவல் பரவி வருகிறது. இதன் முற்பாதி ஓரளவே உண்மை. பிற்பாதி முற்றிலும் தவறு.

ரீசெட் செய்வதால் பயனரின் தரவும் செயலிகளும் மட்டுமே அழிகின்றன. தேய்ந்த பேட்டரி அப்படியே இருக்கும். ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி, சுமார் 500 முழு சார்ஜ் சுழற்சிகளுக்குப் பின் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும் வகையிலேயே வடிவமைக்கப்பட்டுள்ளது. பேட்டரியையாவது மாற்றிக்கொள்ளலாம்.

மென்பொருளிலுள்ள பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யும் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனால் அதற்கு மாற்று வழி எளிதில் இல்லை என்பதே, வாங்குவோர் பெரும்பாலும் கவனிக்கத் தவறும், என் கருத்தில் மிகவும் கவலைக்குரிய செய்தி. 2017இல் வெளியான சாம்சங் கேலக்ஸி எஸ்8க்கு 2021இலேயே அப்டேட்கள் நின்றுவிட்டன. ஆனால் 2024இல் வந்த மலிவு மாடலான கேலக்ஸி ஏ16க்கு ஆறு ஆண்டுகள் பாதுகாப்பு அப்டேட் வழங்குவதாக அந்நிறுவனமே அறிவித்துள்ளது. வங்கிச் செயலிகளைப் பயன்படுத்துவோருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

அதே வேளையில், கேமராவிலும் சேமிப்பகத்தின் வேகத்திலும் பழைய உயர்ரக போன்கள் பல இன்றும் முந்துகின்றன என்பதை மறுக்க முடியாது. எல்லா மலிவு மாடல்களுக்கும் நீண்டகால ஆதரவு கிடைப்பதுமில்லை. ஆகவே பணம் கொடுக்குமுன், அந்த மாடலுக்கு எதுவரை அப்டேட் உண்டு என்பதையும், முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டுள்ளதா என்பதையும், *#06# அழுத்தினால் தோன்றும் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) ரசீதிலுள்ள எண்ணுடன் பொருந்துகிறதா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.