ஒன்றும் ஆகவில்லையாம்

பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோவை இன்று காலையும் யாரோ பகிர்ந்து, என்னை டேக் செய்து, "பாருங்க அக்கா, எல்லாரும் உயிரோடதான் இருக்காங்க" என்று எழுதி, பின்னாலேயே சிரிப்பு எமோஜிகளையும் வரிசையாக நிறுத்தியிருக்கிறார். சரி, எழுதிவிடுகிறேன்.

எந்த வீடியோ என்று சொல்லத் தேவையில்லை. மழை விட்ட மறுநாள் மலை ஓடை, கலங்கி ஓடும் தண்ணீர், வளைவு திரும்பியதும் குறுக்கே விழுந்து கிடக்கும் மரம், அதில் போய்ச் செருகிக்கொண்ட கயாக் என்ற சிறு துடுப்புப் படகு. ஆள் வெளியே வந்துவிட்டார். மனதார மகிழ்ச்சி. நான் கீழே கேட்டது ஒரே கேள்விதான்: "அந்த வளைவில் இறங்கும் முன் யாராவது கரையேறி நடந்துபோய்ப் பார்த்தீர்களா?" அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ யாரும் சொல்லவில்லை. "ஒன்றும் ஆகவில்லையே, ஏன் பதறுறீங்க?" என்றுதான் வந்தது.

முடிவு எப்படி இருந்தது என்று நான் கேட்கவே இல்லை. தண்ணீரில் இறங்கும் முன் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். தப்பித்து வந்ததைத் திட்டம் போட்டு வந்ததாகக் காட்டாதீர்கள் என்பதுதான் என் ஒரே புகார்.

"மரம்தானே, பிடித்து ஏறிவிடலாமே" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். பாறையில் மோதும் தண்ணீர் இருபுறமும் விலகிப் போகும். நம்மையும் கொஞ்சம் தள்ளிவிடும். கிளைகளோடு கிடக்கும் மரத்தில் தண்ணீர் உள்ளே புகுந்து மறுபக்கம் போய்விடும், நாம் போக முடியாது. பின்னாலிருந்து ஆறு அழுத்திக்கொண்டே இருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த அழுத்தம் நான்கு மடங்கு. கயாக் ஓட்டுகிறவர்கள் ஸ்ட்ரெய்னர் என்று பெயர் சொல்லிப் பயப்படுவது இதற்குத்தான். படகை விட்டு விழுந்து, தப்ப வழியே இல்லாமல் அதை நோக்கி அடித்துச் செல்லப்பட்டால், கால் முன்னால் நீட்டி மல்லாந்து மிதக்கும் வழக்கமான நிலையை விட்டுக் குப்புறத் திரும்பி, தலை முன்னால் வர வேகமாக நீந்திப் போய் மரத்தின் மேலே தாவி ஏறப் பார்க்க வேண்டும். வீடியோவில் அவர் மல்லாந்துதான் போனார். கிளை முறிந்தது, பிழைத்தார். கிளை முறிந்ததையும் திறமைக் கணக்கில் எழுதுவீர்களா?

"எல்லாரும் அனுபவசாலிகள்" என்கிறார் இன்னொருவர். இருக்கட்டும். வால்ட் பிளாக்கடார் என்று ஒரு அமெரிக்க மருத்துவர் இருந்தார். 1971-ல் கனடாவில் அல்செக் ஆற்றின் டர்ன்பேக் பள்ளத்தாக்கைத் தனி ஆளாகக் கயாக்கில் கடந்தவர். அந்தக் காலத்தில் அவரைவிடப் பெயர் பெற்ற ஆட்கள் குறைவு. 1978-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பேயெட் ஆற்றின் தென்கிளையில் இறந்தார். ஆற்றில் கிடந்த ஒரு மரத்தில் மாட்டி. மரத்துக்கு உங்கள் பயோடேட்டா தெரியாது.

அடுத்து, "அது கிளாஸ் 3 ஓடைதானே" என்ற வாதம். ஓடை எவ்வளவு கடினம் என்று ஒன்று முதல் ஆறு வரை போடும் அந்த எண் எந்தத் தண்ணீருக்கு? ஒரு நீர்மட்டத்தில் மூன்றாக இருப்பது மழைக்குப் பிறகு நான்காகலாம், ஐந்துகூட ஆகலாம். மலை ஓடைக்கு நீர்ப்பிடிப்புப் பரப்பு சிறியது, சரிவு அதிகம்; மேலே பெய்த மழை கொஞ்ச நேரத்தில் கீழே வந்து நிற்கும். பனி உருகி வரும் ஓடையாக இருந்தால் காலையில் சாதுவாக இருப்பது மாலையில் பொங்கும். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தாலோ, உதவி எட்டாத காட்டுக்குள் நீண்ட பயணமாக இருந்தாலோ ஒரு படி கடினமாகவே கணக்கிட வேண்டும் என்பது கயாக் ஓட்டுகிறவர்களிடையே பழைய பாடம். போன வருடம் யாரோ போட்ட எண்ணை நம்பி இந்த வருட ஆற்றில் இறங்குவது என்ன அனுபவம் என்று எனக்குப் புரியவில்லை. விழுந்த மரம் எந்தக் குறிப்பிலும் இருக்காது. நடந்துபோய்ப் பார்த்தால்தான் தெரியும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் அதிகம் பேசாத ஒரு அண்ணன். ஒருமுறை வண்டியிலிருந்து படகுகளை இறக்கியதும், தண்ணீர் கரையைத் தொடும் இடத்தில் இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு குச்சியைச் செருகி வைத்தார். நாங்கள் ஹெல்மெட் வாரை இறுக்கி, படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டை இழுத்துக் கழற்றும் பட்டை வெளியே இருக்கிறதா என்று ஒருவருக்கொருவர் சரிபார்த்து முடிப்பதற்குள் குச்சி ஒரு சாண் தண்ணீருக்குள் நின்றது. சருகும் சுள்ளியும் மிதந்து வர ஆரம்பித்தன. எங்கள் தலைக்கு மேலே நல்ல வெயில். மலைமுகட்டில் மட்டும் கருமேகம். "இன்னைக்கு வேண்டாம்" என்றார். விளக்கம், விவாதம் எதுவும் இல்லை. புதுப் படகோடு வந்திருந்த ஒருவர் திரும்பும் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை. ஈரமே ஆகாத படகுகளை எடுத்து என்ன செய்வது?

"ரிஸ்க் இல்லாமல் என்ன சாகசம்" என்று தத்துவம் பேசுகிறவர்களுக்கு: நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ரிஸ்க் எனக்கும் பிடிக்கும், இல்லாவிட்டால் இந்தத் துடுப்பை எதற்குத் தூக்குகிறேன்? ஆனால் தெரிந்து எடுக்கிற ரிஸ்க் வேறு. எந்த வளைவில் கரையேற முடியும், எந்தப் பாறைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கித் திரும்புகிறது, நடுவழியில் விட்டுவிட்டு வெளியேறப் பாதை உண்டா, இருட்டுவதற்கு எவ்வளவு முன்னால் முடிக்கிறோம், நாம் வராவிட்டால் எத்தனை மணிக்கு யார் தேட ஆரம்பிப்பார்கள் என்று எல்லாம் தெரிந்த பிறகு மிச்சம் இருப்பதற்குப் பெயர் ரிஸ்க். ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டு அதற்குச் சாகசம் என்று பெயர் வைத்தால் எப்படி?

"கரையேறிக் கரையேறிப் பார்த்தால் நாள் போய்விடும்" என்பவர்களுக்குப் பதில் இல்லை. நாள் போகட்டும்.

உண்மையில் என்னை உறுத்துவது மரம்கூட இல்லை. வீடியோவின் நடுவில் ஒரு கணம் கேமரா கீழே சாய்கிறது, கவனித்தீர்களா? எடுப்பவரின் இடுப்பில், தண்ணீரில் மாட்டியவருக்கு வீசும் கயிற்றுப் பை தொங்குகிறது. திறக்கவே இல்லை. வளைவுக்குக் கீழே கயிற்றோடு நிற்க வேண்டியவர் அவர். நண்பர் மரத்தில் மாட்டித் திணறும்போது அவர் கையில் இருந்தது போன். இதைச் சொன்னதற்குத்தான் என்னைப் பிளாக் செய்தார்கள். "பொறாமை" என்றார்கள். "அக்கா, உங்களுக்கு வயசாயிடுச்சு, வீட்டிலேயே இருங்க" என்ற கமென்ட்டுக்கு லைக் போட்டவர்களில், நான் கயிறு வீசிக் கரைக்கு இழுத்த ஒருவரும் இருக்கிறார். அவர் பெயரை எழுத மாட்டேன். அவருக்குத் தெரியும்.

குழுவில் "வேண்டாம்" என்று சொல்கிறவர் எப்போதும் ஒரே ஆளாக இருந்தால், கொஞ்ச நாளில் அந்த ஆளை அழைப்பதை நிறுத்திவிடுவார்கள். அழைப்பு வராத ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பழகிவிட்டன. பரவாயில்லை. ஆனால் அழைக்காமல் விட்ட பிறகு குழுவில் "வேண்டாம்" சொல்ல யார் இருக்கிறார்கள் என்று மட்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவு சத்தத்துக்கு நடுவே புதிதாகப் பழகும் ஒரு பெண் இன்பாக்ஸில் வந்து, என்ன கயிறு வாங்கலாம் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். அம்மா, தண்ணீரில் மிதக்கும் கயிறாக வாங்குங்கள், 15 முதல் 20 மீட்டர் போதும், பளிச்சென்ற நிறத்தில். வாங்கிய அன்றே புல்தரையில் வீசிப் பழகுங்கள், பிறகு அமைதியான தண்ணீரில் மிதக்கும் ஆளுக்கு வீசுங்கள். முதலில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, உங்களைப் பார்த்த பிறகு வீசுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம், உடம்பில் கட்டிக்கொள்ளவும் வேண்டாம். அவர் பிடித்ததும் உங்களைத்தான் இழுக்கும். உட்கார்ந்து, காலை ஒரு பாறையில் ஊன்றிக்கொள்ளுங்கள். போனை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.