ஸ்கேன் எடுத்த பிறகும் அந்தப் புத்தகம் வேண்டும்

"அதான் பிடிஎஃப் இருக்கிறதே, அப்புறம் எதற்கு இந்தப் பழைய புத்தகம்?" பழம்பதிப்புகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். பிடிஎஃப் நானும் தினமும் படிக்கிறேன். ஆனால் அதில் வாசகம் மட்டும்தான் வருகிறது, புத்தகம் வருவதில்லை.

கையால் செய்த பழைய தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சல்லடைக் கம்பிகளின் தடம் கோடுகோடாகத் தெரியும். சில தாள்களில் ஆலை தாளுக்குள்ளேயே பதித்த அடையாளமான நீர்க்குறியும் தெரியும். தடவினால் ஈய எழுத்து அழுந்திய பள்ளம் விரலில் தட்டுப்படும். கந்தல் துணியை ஊறவைத்து, இடித்துக் கூழாக்கிச் செய்த தாள் அது. 500 ஆண்டு கடந்தும் மடித்தால் ஒடியாது. 19ஆம் நூற்றாண்டில் மரக்கூழ்த் தாள் வந்ததும் கதை மாறியது. அதிலுள்ள அமிலம் தாளை உள்ளிருந்தே அரிக்கிறது. நம் தாத்தா வாங்கிய புத்தகம் சருகாக நொறுங்குவது அதனால்தான்.

1455 வாக்கில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் அச்சிட்ட பைபிள் சுமார் 180 பிரதிகள். இன்று எஞ்சியவை ஐம்பதுக்குள். வண்ண முதலெழுத்துகளையும் ஓர அலங்காரத்தையும் வாங்கியவர்கள் பிறகு ஓவியர்களிடம் கொடுத்து வரைவித்துக்கொண்டார்கள். அச்சு ஒன்றுதான், ஆனால் பிரதிக்குப் பிரதி முகம் வேறு.

1623இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் பெருந்தொகுப்பை அச்சு ஓடும்போதே நிறுத்தி நிறுத்தித் திருத்தினார்கள். திருத்துவதற்கு முன் அச்சான தாள்களையும் வீணாக்காமல் சேர்த்தே கட்டினார்கள். சார்ல்டன் ஹின்மன் என்ற அறிஞர் 55 பிரதிகளைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, எழுத்துக் கோத்தவர்களைக்கூட அவரவர் பழக்கத்தை வைத்துப் பிரித்துக் காட்டினார். ஒரு நல்ல பிரதி போதும் என்று மற்றதைக் கழித்திருந்தால் அவருக்கு ஒப்பிட என்ன இருந்திருக்கும்?

அந்தக் காலத்தில் புத்தகம் கட்டியவர்கள் அதன் முதுகுக்கு வலுச் சேர்க்க, வேண்டாத தோல் சுவடிகளை நறுக்கி உள்ளே ஒட்டுவார்கள். வேறெங்கும் கிடைக்காத வாசகங்கள் அந்தத் துண்டுகளில் கிடைத்திருக்கின்றன. ஸ்கேனர் அட்டைக்குள் பார்க்காது.

எனக்குப் பெரிய வருத்தம் மறுகட்டு, அதாவது பழைய புத்தகத்தைப் பிரித்து மீண்டும் கட்டுவது. ஒருமுறை ஒரு பழம்பிரதியைத் திறந்தேன். யாரோ பழுப்பு மையில் ஓரமெல்லாம் பொடி எழுத்தில் குறிப்பு எழுதியிருந்தார். விளிம்பு சீராக இருக்கட்டும் என்று கட்டியவர் வெட்டியதில், ஒவ்வொரு வரியிலும் கடைசி இரண்டு மூன்று எழுத்து போயிருந்தது. வெகுநேரம் உட்கார்ந்து, விட்டுப்போனவற்றை ஊகித்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் முடியவில்லை.