எழுபது கிலோக்காரர்களின் இலை

நேற்று இணையத்தில் ஒருவர் போட்ட பதிவால் ஒரு சண்டை; அவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. ஒலிம்பிக் துடுப்புப் படகுப் போட்டியில் லைட்வெயிட் பிரிவை, அதாவது எடை குறைந்தவர்களுக்கான பிரிவை, எடுத்துவிட்டதைப் பற்றி, "நோஞ்சான்களுக்குத் தனிப் பந்தி எதற்கு?" என்று அவர் கேட்டதும், அதன் கீழே வரிசையாக விழுந்த சிரிப்புக் குறிகளும்தான் என்னை இதை எழுத வைத்தன.

அந்தப் பந்தியில் உட்கார, ஆண் 72.5 கிலோவைத் தாண்டியிருக்கக் கூடாது. இருவர் படகென்றால் சராசரி 70 கிலோதான். கையும் காலும் நீண்டவனுக்கே ஒவ்வொரு இழுப்பும் சாதகமாக அமையும் விளையாட்டில், நம்மைப் போன்ற உடம்புக்காரர்களுக்கு 1996 அட்லாண்டாவில் போட்ட இலையை 2024 பாரிஸோடு எடுத்துவிட்டார்கள். டோக்கியோவில் அர்ஜுன் லால் ஜாட்டும் அரவிந்த் சிங்கும் 11ஆம் இடம் பிடித்து, அதுவரை எந்த இந்தியரும் எட்டாத இடத்தை எட்டியது இந்த நோஞ்சான் பந்தியில்தான். அதே இருவர் 2023 செப்டம்பர் 24 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 6 நிமிடம் 28.18 விநாடியில் வெள்ளி வென்றபோது, நேற்றுச் சிரித்த சிலரும் கைதட்டியதாக எனக்கு ஞாபகம்.

"நம் துடுப்பு வீரர் பல்ராஜ் பன்வார் எடைப் பிரிவு இல்லாமலேயே பாரிஸுக்குப் போனாரே" என்பீர்கள். போனார், தனி ஆளாகப் போய் 23ஆம் இடம் பெற்ற அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஒருவருக்குப் பெரிய பந்தியில் இடம் கிடைத்தது என்பதற்காக மற்றவர்களைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிடுவீர்களா? எடை குறைக்கப் பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்பது நியாயமான கவலைதான். அதே பட்டினி மல்யுத்தத்திலும் இருக்கிறதே, அங்கே எடைப் பிரிவை எடுத்தார்களா? லைட்வெயிட்டுக்குப் பதிலாக 2028 லாஸ் ஏஞ்சலஸில் மணலில் ஓடிப் படகேறி, மிதவைகளைச் சுற்றி வந்து, மறுபடி மணலில் ஓடும் பந்தயம் வருகிறதாம். தொலைக்காட்சிக்கு நன்றாகத்தான் இருக்கும்.

கல்லூரி நாளில், விடிவதற்கு முன் அடையாற்றங்கரையில் ஐந்தடி ஐந்தங்குலமாய் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்த பயிற்சியாளர், "தம்பி, நீ காக்ஸா உட்காரு" என்றார். திசை பார்த்துக் குரல் கொடுக்கும் அந்த வேலை மட்டமானதல்ல. ஆனால் நான் கேட்டது துடுப்பு. லைட்வெயிட் என்று ஒன்று இருந்ததால்தான் அது ஒரு வருடம் கழித்தாவது என் கைக்கு வந்தது. கொப்புளம் உடைந்து பிடியெல்லாம் பிசுபிசுத்த அன்று, வீட்டில் மோர்சாதத்தைப் பிசைய முடியாமல் ஸ்பூன் கேட்டேன். என்னைத்தான் நோஞ்சான் என்கிறார்.

போன வாரம் அதே கரையில் ஒரு பையன், "அண்ணா, ஒலிம்பிக்ல என் வெயிட்டுக்கு எந்த ரேஸ்?" என்று கேட்டான். நேற்றுச் சிரித்தவர்கள் விடிகாலை ஐந்தரை மணிக்கு வந்து அவனுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகலாம்.